என்னைப் பாதிக்காரி என்கிறார்கள்

நான் வேலையை விட்ட நாளில் கந்தோரில் கேக் வெட்டினார்கள். மேசை நடுவில் டெனிஷ் வழக்கப்படி சின்னக் கொடி ஒன்று நின்றது. ஒருவர் கரண்டியால் குவளையைத் தட்டி, "சுகந்தி, ஏதாவது பேசு" என்றார். எழுந்து நின்றேன். நன்றி என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

அவ்வளவுதான் எனக்கு வரும். எத்தனையோ வீடுகளுக்குள் போய் அடுத்தவரின் கட்டிலையும் கோப்பையையும் தொட்டுப் பார்த்தவள் நான். ஆனால் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தால் உட்கார இடம் தேடுவேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பேச்சை விட எழுத்து கொஞ்சம் எனக்கு அடங்கும். ஆகவே அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எழுத வேண்டிய காரணம் ஒன்று உண்டு. டென்மார்க்கில் எங்கள் ஆட்கள் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பாதிக்காரி. பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் செத்த வீட்டுக்குப் போனாலும் என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர் கேட்கும். விவாகரத்தான வீட்டுச் சாமான்களைப் பாதி பாதியாகப் பிரிக்கிறவளாம். அதிலும், கெட்டுப்போனவளுக்கும் பாதி வாங்கிக் கொடுத்தவளாம். பெயரை மாற்றச் சொல்லி நான் யாரையும் கேட்கப் போவதில்லை. நடந்ததைத் தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கல்யாணம் கட்டி இக்காஸ்ட் என்ற ஊருக்கு வந்த புதிதில் இங்கே இருந்த மற்றப் பெண்களைப் போல நானும் ஒரு துணி ஆலையில் தைத்தேன். ஆலை மூடப்பட்டது. இயந்திரங்களில் பாதி வேறு நாட்டுக்குப் போயின, மீதியை விற்றார்கள். வேலையில்லாமல் இருந்த என்னைக் கொம்யூன், அதாவது நகரசபை, ஒரு சின்ன நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. இறந்தவர், கடனில் மூழ்கியவர், விவாகரத்தானவர் வீடுகளில் உள்ள பொருள்களுக்கு விலை மதிப்பது அந்த நிறுவனத்தின் தொழில். சில வாரம் பெட்டி தூக்கிவிட்டு வரலாம் என்று போனேன். என் வலது தோள் ஒரேயடியாக மறுக்கும்வரை அங்கேயே இருந்தேன். தோள் மறுத்ததால்தான் பென்சன் வயதுக்கு முன்பே வீட்டுக்கு வந்தேன். இப்போது அந்த வேலையைக் கைபேசியில் வரும் படங்களை வைத்தே செய்கிறார்களாம். நாங்கள் செய்த காலத்தில் வீட்டுக்குள் போக வேண்டும்.

எப்படிப் போவது என்பதை எனக்குக் காட்டித் தந்தவர் ஸ்வென். மதிப்பீட்டாளர், எனக்கு மேலாளர். ஆள் உயரம், குரல் சின்னது. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தன் பையிலிருந்து கம்பளிச் செருப்பை எடுத்துப் போடுவார். கணவன் மனைவி இருவரும் கொடுத்தால் மட்டும் கோப்பி குடிப்பார். ஒருவர் மட்டும் கொடுத்தால், இப்போதுதான் குடித்தேன் என்பார். அந்த வீட்டுக் கதிரையில் உட்கார மாட்டார். விலை சொல்லும்போது ஆளைப் பார்க்க மாட்டார். அலுமாரியின் விலையை அலுமாரியைப் பார்த்தே சொல்வார், அதன் வயதை அதற்கே நினைவூட்டுவதுபோல.

ஸ்டிக்கர்கள் என் கையில் இருக்கும். மனைவி எடுப்பதற்கு மஞ்சள், கணவன் எடுப்பதற்கு நீலம், இருவரும் கேட்பதற்கு வெள்ளை. வெள்ளை ஒட்டியதை நீதிமன்றம் நியமித்த சட்டத்தரணி பார்த்துக்கொள்வார். அவர் இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத வழக்கறிஞர். எந்த ஸ்டிக்கரையும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒட்டக்கூடாது. கதிரை என்றால் இருக்கையின் அடியில், படம் என்றால் சட்டத்தின் பின்புறம். "பிரிந்தபிறகும் ஒருவர் இந்தப் பொருளோடு வாழ வேண்டும்" என்பார் ஸ்வென்.

போன வீடெல்லாம் யாராவது ஒருவர் மற்றவர் செய்த துரோகத்தைச் சொல்லத் தொடங்குவார். ஸ்வென் இடையில் வெட்டியதே இல்லை. தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்பார். சொன்னவர் மூச்சு வாங்கும்போது மெதுவாக, "விளங்குகிறது. சரி, அந்தச் சோஃபா?" என்பார்.

முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. கல்லு மனிதன் என்றுதான் நினைத்தேன்.

விபோர்க்கில் ஒரு டெனிஷ் தம்பதியின் வீட்டுக்குப் போனோம். கணவன் வீட்டை விட்டுப் போகும்போது எல்லா அறைக் கதவுகளின் கைப்பிடிகளையும் கழற்றிக்கொண்டு போயிருந்தான். அந்தப் பெண் ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாக எங்களுக்குத் திறந்துவிட்டாள். அவள் பங்குக்கு அவனுடைய விலை உயர்ந்த பாட்டுப் பெட்டிக்குள் பூவாளியால் தண்ணீர் ஊற்றியிருந்தாள். அவன் போனது அவளுடைய சொந்தத் தங்கையோடு. அதைச் சொல்லி அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. ஸ்வென் கேட்டு முடித்தார். "விளங்குகிறது. பாட்டுப் பெட்டிக்குள் எப்படித் தண்ணீர் வந்தது?"

"பூனை" என்றாள்.

"பூனை பூவாளியைத் தூக்கியதா?"

அவள் அழுகைக்குள்ளேயே சிரித்துவிட்டாள். கெட்டுப்போன பெட்டியின் பெறுமதி அவளுடைய பங்கிலிருந்து கழிக்கப்பட்டது. கைப்பிடிகளை அவன் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து திரும்பப் பூட்ட வேண்டியதாயிற்று. தங்கையைப் பற்றி அறிக்கையில் எங்கும் ஒரு வரி இல்லை.

திரும்பி வரும்போது நிறுவனத்தின் வான் வண்டியில் நான் கேட்டேன். என் வாயிலிருந்து கேள்வி வருவதே அபூர்வம். "தங்கையோடு போனவனுக்கும் பாதியா?"

"தங்கை வீட்டுச் சாமான் இல்லையே" என்றார் ஸ்வென். கொஞ்சத் தூரம் ஓட்டியபிறகு சொன்னார்: "இரண்டு பேரில் யார் நல்லவர் என்று நீதிமன்றம் கேட்கத் தொடங்கினால், பதில் சொல்ல யாரைக் கூப்பிடும் என்று யோசித்துப் பார்."

யோசித்தேன். இக்காஸ்டில் என்றால் எங்கள் ஆட்களைத்தான் கூப்பிடும். நாங்கள் கூடும் மண்டபத்தில் சமைக்கிற இடத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டே ஒரு குடும்பத்தின் கதையைத் தீர்த்துவைக்கிறவர்களை. அடிக்கிறவனைக் கோபக்காரன் என்றும், அடி வாங்குகிறவளை வாய்க்காரி என்றும் சொல்லி முடித்துவிடுகிறவர்களை. குடித்துவிட்டுக் காரை மரத்தில் மோதியவனுக்கு, பாவம், மனுசி சரியில்லை என்று காரணம் கண்டுபிடித்தவர்களும் அவர்கள்தான். அந்த வாய்களிடம் யாருடைய வீட்டையும் ஒப்படைக்க நான் தயாரில்லை. அன்றிலிருந்து ஸ்வென் "சரி, அந்தச் சோஃபா?" என்று கேட்டால் நான் சுருளிலிருந்து ஸ்டிக்கரைப் பிய்த்துக்கொண்டு தயாராக நிற்பேன்.

இனி மாலினியின் விசயம். எனக்குப் பெயர் வாங்கித் தந்தது அதுதான்.

மாலினி துணி ஆலையில் எனக்கு முன்வரிசையில் தைத்தவள். ஆலை மூடும்போது தான் தைத்த இயந்திரத்தையே விலைக்கு வாங்கி வீட்டு நிலவறையில் வைத்தாள். மேசையும் மோட்டாருமாக நாலு பேர் தூக்க வேண்டிய பாரம். அதில்தான் எங்கள் எல்லோருக்கும் சாறிச் சட்டை தைத்தாள், பெரியபிள்ளையானவர்களுக்குச் சாமத்திய வீட்டு உடுப்புத் தைத்தாள், டெனிஷ் கடைகளுக்குக் காற்சட்டை வெட்டிக் கொடுத்தாள். அவளுடைய கணவர் கேதீஸ். இறைச்சித் தொழிற்சாலையில் முதுகு பழுதாகி நெடுங்காலம் வேலையில்லாமல் இருந்தவர். சமைப்பார், தைத்த உடுப்புகளைக் காரில் கொண்டுபோய்க் கொடுப்பார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குச் சம்பளம் இல்லாததால் வீட்டை மாலினியின் பெயரில்தான் வாங்கியிருந்தார்கள்.

இஷொய் என்ற தூரத்து ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்கு உடுப்புத் தைக்கப் போன மாலினி திரும்பி வரவில்லை. அங்கே ஒருவரோடு இருந்துவிட்டாள். கேதீசுக்கு முகம் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது சரியென்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை.

கோப்பு எங்கள் நிறுவனத்துக்கு வந்தபோது, இவர்களை எனக்குத் தெரியும் என்று ஸ்வெனிடம் சொன்னேன்.

"உறவா?"

"இல்லை. தமிழர்."

"இக்காஸ்டில் நானும் பாதி ஆட்களைத் தெரிந்து வைத்திருக்கிறேன். நீ ஸ்டிக்கர் ஒட்டு, கதைக்காதே. உனக்கு அது கஷ்டமாக இருக்காது" என்றார்.

அன்று கேதீசே கதவைத் திறந்தார். அவருக்குத் துணையாகச் சிவம் அண்ணை நின்றார். மண்டபக் கூட்டமென்றால் முன்வரிசையில் இருப்பவர். உள்ளே ஒரு மூலையில் மாலினி கோட்டைக் கழற்றாமல், தன் சொந்த வீட்டில் விருந்தாளி போல நின்றாள். நீதிமன்றம் நியமித்த சட்டத்தரணி ஒரு டெனிஷ் பெண்.

"வாங்கோ அக்கா" என்றார் கேதீஸ். "நல்லதாப் போச்சு. எங்கட ஆளே வந்திருக்கிறியள்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"என்ன பிள்ளை, டெனிஷ்காரரோட சேந்து தமிழ் மறந்து போச்சோ?" என்றார் சிவம் அண்ணை.

ஸ்வென் கம்பளிச் செருப்பைப் போட்டார். வேலை தொடங்கியது. மேல்மாடி பிரச்சினையில்லாமல் போனது. சமையலறையில் இடியப்ப உரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஸ்வென், "இது எந்த இயந்திரத்தின் பாகம்?" என்று கேட்டார். கேதீசும் மாலினியும் ஒரே நேரத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். மாவைப் போட்டு இப்படிப் பிழிய வேண்டும் என்று இருவருடைய கைகளும் ஒன்றுபோல அசைந்தன. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். உரலுக்கு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினேன்.

நிலவறைக்கு இறங்கினோம். தையல் அறை காலியாக இருந்தது.

"என்ர மெசின் எங்க?" என்றாள் மாலினி.

"என்ன மெசின்?" என்றார் கேதீஸ். சட்டத்தரணிக்காக டெனிஷுக்கு மாறினார். "சின்னத் தையல் மெசின் ஒன்றுதான் இருந்தது. அதை அவள் கொண்டுபோய்விட்டாள்."

சட்டத்தரணி ரசீது இருக்கிறதா என்று கேட்டாள். ஆலை மூடுகிற அமளியில் யார் ரசீது கொடுத்தார்கள்? ஸ்வென் குனிந்து தரையைப் பார்த்தார். பாரமான எதுவோ நின்றதற்கு அடையாளமாக நான்கு பள்ளங்கள்.

"இறைச்சி வைக்கும் பிறீசர் நின்ற இடம்" என்றார் கேதீஸ்.

ஸ்வென் நிமிர்ந்தார். "இருப்பதற்குத்தான் என்னால் விலை சொல்ல முடியும்."

மாலினி என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்கள் இதிலதானே நிண்டு அளவு குடுத்தனீங்கள். ஏன் பேசாமல் நிக்கிறியள்? சொல்லுங்கோவன்!"

"சுகந்தி, வேலையைப் பார்" என்றார் சிவம் அண்ணை. இந்த முறை பிள்ளை என்று கூப்பிடவில்லை.

தரையைப் பார்த்துக்கொண்டே, டெனிஷில், ஸ்வெனிடம் சொன்னேன்: "நான் இந்த அறையில் நின்றிருக்கிறேன். இங்கே ஒரு பெரிய தையல் இயந்திரம் இருந்தது. பிறீசர் படிக்கட்டின் கீழே, இப்போதும் இருக்கிறது."

ஸ்வென் என்னிடம் கையை நீட்டினார். விளங்காமல் பார்த்தேன்.

"ஸ்டிக்கர்களைத் தா. நீ இனி என் உதவியாள் இல்லை, இந்த வழக்கில் சாட்சி. இரண்டாகவும் இருக்க முடியாது." கோபமில்லாமல்தான் சொன்னார். சுருள் மூன்றையும் கொடுத்தேன். "மேலே போய் வண்டியில் இரு. யாரோடும் கதைக்காதே."

வண்டியில் இருந்தேன். மீதி வீட்டுக்கு அவரே ஸ்டிக்கர் ஒட்டினார். பழக்கமில்லாதபடியால் நெடுநேரம் எடுத்தது.

அந்தச் சனிக்கிழமை சிவம் அண்ணையும் மனைவி பவானி அக்காவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தேநீர் கொடுத்தேன்.

"நீ ஏன் பிள்ளை இதுக்குள்ள தலையைப் போடுறாய்?" என்றார் அவர். "அவள் ஓடிப் போனவள். பாதி வீடு கேக்கிறாள். மெசினும் வேணுமாம். கேதீசின்ர மானத்துக்கு என்ன விலை? உன்ர டெனிஷ்காரன் அதுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவானோ?"

"மெசின் இருந்தது அண்ணை."

"இருந்தது. இப்ப இல்லை. நீ பாத்தனியோ இல்லையெண்டு?"

"இருந்ததைத்தான் பாத்தனான்."

"உனக்கும் புருசன் இருக்கிறான். நாளைக்கு மண்டபத்துக்கு வரவேணும், போகவேணும். யோசிச்சுக் கதை."

பவானி அக்கா அதுவரைக்கும் வாய் திறக்கவில்லை. போகும்போது என் சமையலறை மூலையைக் காட்டி, "உந்த மிக்சியில தூசு பிடிச்சிருக்கு, துடையும்" என்றா. ஒரு சாமான் கவனிப்பில்லாமல் கிடந்தால் அவவுக்குப் பொறுக்காது.

சில நாளில் கேதீஸ் கதையை மாற்றினார். இயந்திரம் இருந்தது உண்மைதான், பழுதாகிவிட்டது, கழிவுப் பொருள் சேகரிக்கும் இடத்தில் போட்டுவிட்டேன் என்று சட்டத்தரணிக்குச் சொன்னார். சிவம் அண்ணையின் யோசனையாகத்தான் இருக்க வேண்டும், நல்ல யோசனையும்கூட. ஒருவர் பொதுவில் பிரிக்க வேண்டிய பொருளை அழித்துவிட்டால் அதன் பெறுமதி அவருடைய கணக்கில் ஏறும், அவ்வளவுதான். அந்தப் பழைய இயந்திரத்தின் பெறுமதி எவ்வளவு? ஒரு நல்ல சாறி வாங்கலாம். அதைக் கட்டிவிட்டால் கேதீசுக்கு வேலை முடிந்தது.

மாலினி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அக்கா, எனக்கு அந்தக் காசு வேண்டாம். மெசின் வேணும். இஞ்ச கலியாணச் சனம் உடுப்போட வந்து நிக்குது. சின்ன மெசினில பட்டு ஓடாது. நான் என்னத்தைச் செய்து சாப்பிடுறது? கந்தோர் நிலம் துடைக்கப் போறதே?"

"என்னட்டைக் கதைக்காதை மாலினி. நான் சாட்சி" என்று வைத்துவிட்டேன். எனக்கு அது வலித்தது. ஆனால் கதைத்திருந்தால் என் சாட்சிக்கு ஒரு பெறுமதியும் இருந்திருக்காது.

பிறகு சரஸ்வதி பூசை வந்தது.

இக்காஸ்ட் பெண்கள் எல்லோரும் இருக்கும் ஒரு குழு எங்கள் கைபேசிகளில் உண்டு. பூசைக்குப் பூசை படங்கள் வந்து குவியும். அந்த ஆண்டும் வந்தன. பவானி அக்கா தன் வீட்டுக் கராஜில் பூசை வைத்திருந்தா. பிள்ளைகளின் புத்தகங்கள், சிவம் அண்ணையின் துளையிடும் கருவி, கார், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு பூ. காருக்குப் பின்னால் பாதி விரிப்பால் மூடியபடி ஒரு தையல் இயந்திரம். மூடாத பாதியில் பெரிய சந்தனப் பொட்டும் செவ்வந்திப் பூவும்.

மேசை விளிம்பில் மஞ்சள் அளவு நாடா ஒன்று நீளத்துக்கு ஒட்டியிருந்தது. அதன் தொடக்கம் தேய்ந்து எழுத்தழிந்து போயிருந்தது. நான் அளவு கொடுக்கும்போது கை வைத்து நிற்கும் இடம் அது.

புருசனுக்காக அதை ஒளித்துவைக்கப் பவானி அக்காவால் முடிந்தது. ஆனால் சரஸ்வதி பூசையன்று ஒரு தொழில் செய்கிற சாமானைப் பொட்டு வைக்காமல் விட அவவால் முடியவில்லை. பொட்டு வைத்தால் படம் எடுக்காமல் இருக்க முடியாது. படம் எடுத்தால் குழுவில் போடாமல் இருக்க முடியாது. அந்தக் குழுவிலிருந்து மாலினியை யாரும் நீக்கியிருக்கவில்லை. ஒரு மனுசியைத் தெருவில் கண்டு முகம் திருப்பத் தெரிந்தவர்கள், குழுவிலிருந்து எடுக்க மறந்துவிட்டார்கள். சிறிது நேரத்தில் படம் மறைந்தது. அதற்குள் மாலினி அதைச் சட்டத்தரணிக்கு அனுப்பிவிட்டாள்.

நீதிமன்ற அறை நான் நினைத்ததை விடச் சின்னது. பள்ளிக்கூட வகுப்பு மாதிரி. நீதிபதி ஒரு பெண், என் வயது இருக்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மாலினிக்கும் கேதீசுக்கும் இடையில் இருந்தார். முதலில் கேதீஸ் பேசினார். இஷொய், அந்த ஆள், தொலைபேசியை எடுக்காமல் விட்டது, சனத்தின் முன்னால் தான் பட்ட அவமானம். எல்லாம் உண்மை. குரல் உடைந்தது. "அவள் எல்லாத்தையும் விட்டுட்டுப் போனவள். ஒண்டையாவது அவள் இழக்கவேணும்" என்றார். எனக்கு அவர்மேல் அன்றும் இரக்கம்தான்.

நீதிபதி முழுவதையும் கேட்டார். குறுக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேதீஸ் மூச்சு வாங்கியதும், "நீங்கள் பட்டது பெரிய வேதனை. தையல் இயந்திரம் எங்கே?" என்றார்.

ஸ்வென் அங்கே இருக்கவில்லை. ஆனாலும் எனக்குக் கம்பளிச் செருப்பு நினைவுக்கு வந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் நீதிபதி. இயந்திரம் நிலவறையில் நின்றது என்றேன். படத்தில் உள்ளது அதுதான் என்றேன், நாடாவைச் சொன்னேன்.

கேதீசின் வழக்கறிஞர், "நீங்கள் மாலினியின் சிநேகிதியா?" என்று கேட்டார்.

"இல்லை. அவளிடம் சட்டை தைக்கக் கொடுப்பேன். கழுத்தை எப்போதும் அகலமாக வெட்டிவிடுவாள். எத்தனை தரம் சொன்னாலும் கேட்க மாட்டாள்."

மாலினி தலையைக் குனிந்தாள். மொழிபெயர்ப்பாளர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அவர் கணவரை விட்டுப் போனது சரியென்று நினைக்கிறீர்களா?"

அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்றார் நீதிபதி. எனக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. "இல்லை" என்றேன். "ஆனால் மெசின் யாரோடும் ஓடிப் போகவில்லை. அது சிவம் அண்ணையின் கராஜில் நிற்கிறது."

இயந்திரத்தைக் கேதீஸ் ஒப்படைக்க வேண்டும், அதன் பெறுமதி மாலினியின் பங்கில் சேரும் என்று முடிவானது. ஏன் விற்கவில்லை என்று நீதிபதி கேட்டார். "விக்க மனம் வரேல்லை" என்றார் கேதீஸ், தமிழில்.

எங்கள் ஆட்கள் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்த மாட்டேன்.

அடுத்து வீடு வந்தது. மாலினி எழுந்தாள். வீடு அவளுடைய பெயரில், கடன் கட்டியது அவளுடைய உழைப்பில். "என்ர மெசினை ஒளிச்சு வைச்சு, நீதிமன்றத்துக்குப் பொய் சொன்னவருக்கு ஏன் என்ர வீட்டில பாதி?" என்றாள். அறையில் இருந்த எல்லோருக்கும் அது நியாயம்போலத்தான் பட்டது. எனக்கும் பட்டது.

நீதிபதி அதே குரலில், ஒளித்த பொருள் திரும்பி வந்துவிட்டது, அதற்குரிய தீர்வு கொடுத்தாயிற்று என்றார். வீட்டின் கடனைக் கழித்து மிஞ்சுவதில் பாதி கேதீசுக்கு. பொய் சொன்னதற்காக அது குறையாது, இஷொய்க்காக அது கூடவும் செய்யாது.

வெளியே வந்ததும் மாலினி என்னிடம் வந்தாள். "மெசினுக்கு வாய் திறந்தியள். வீட்டுக்கு ஏன் அக்கா திறக்கேல்லை?"

"என்னட்டைக் கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பன். அவர் சமைச்சார், நீ தைச்சாய்."

அவள் திரும்பிப் பாராமல் போனாள். சிவம் அண்ணை மறுபக்கத்தால் போனார். இரண்டு பக்கமும் என்னோடு கோபம். பாதிக்காரி என்ற பெயர் அந்தக் கிழமைதான் பிறந்தது.

இயந்திரத்தை எடுக்க ஆள் வேண்டும் என்று மாலினி எங்கள் நிறுவனத்தையே கேட்டிருந்தாள். வழக்கு முடிந்ததால் இனி நான் சாட்சி இல்லை, போகலாம் என்றார் ஸ்வென். அவரும் வந்தார். கராஜை பவானி அக்கா திறந்துவிட்டா. சிவம் அண்ணை வீட்டுக்குள்ளேயே இருந்தார். இயந்திரத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மாலினி சேலைத் தலைப்பால் அதைத் துடைக்கப் போனாள்.

"துடையாதை" என்றா பவானி அக்கா கடுகடுப்பாக. "பூசைப் பொட்டு. தானா உதிரட்டும். போய் முதல் தையலுக்கு எலுமிச்சங்காய் வெட்டு."

மாலினி கையை எடுத்தாள். நாங்கள் தூக்கினோம். என் தோள் அன்றுதான் முதன்முதலாக எச்சரித்தது. ஸ்வென் தமிழ் தெரியாமல் மூன்று பெண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாசலில் கம்பளிச் செருப்பைக் கழற்றினார். ஒரு கராஜுக்குக்கூட அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

அதன்பிறகு பல வருடம் மண்டபத்தில் என் பக்கத்துக் கதிரைகள் காலியாகவே கிடந்தன. நான் போவதை நிறுத்தவில்லை. வாங்கிய பெயரோடு போனேன், சாப்பிட்டேன், வந்தேன். சரியென்று செய்ததற்கு ஏன் வீட்டுக்குள் இருக்க வேண்டும்? பேசத்தான் எனக்குக் கூச்சம். போக இல்லை.

வேலையை விட்டபிறகு போன மாதம் ஒரு பிறந்தநாள் விழா. மாலினி இஷொயிலிருந்து தைத்து அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கழுத்து இன்னும் அகலம்தான். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது சிவம் அண்ணை மேசையிலிருந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"வழி விடுங்கோ, பாதிக்காரி வாறா. கவனம், உங்கட கோப்பையிலும் பாதியை எடுத்திடுவா."

சிரித்தார்கள். அதே மேசையில் கேதீசும் இருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தார்.

"அண்ணை, இக்காஸ்டில எனக்கெண்டு ஒரு சின்ன வீடு இருக்குத் தெரியும்தானே? அது எங்கால வந்தது? என்ர சம்பளத்தில வாங்கினதில்லை. அந்தப் பாதியிலதான் இருக்கிறன்."

சிரிப்பு நின்றது. கேதீஸ் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த கதிரையைக் காலால் கொஞ்சம் வெளியே தள்ளினார்.

நான் சோற்றுக் கோப்பையோடு போய் அதில் இருந்தேன். மேசையில் ஒரே ஒரு வடைதான் மிஞ்சியிருந்தது. கேதீஸ் அதைப் பிய்த்து ஒரு துண்டை என் கோப்பையில் வைத்தார். பெரிய துண்டு எது என்று நான் பார்க்கவில்லை.